நூலகத்துக்குப் போன கணக்கு வாத்தியார்

அன்புள்ள ஐயா,

எனக்கு வயது 31. மென்பொருள் நிறுவனம் ஒன்றில் நான்கு வருடம் இருந்தேன். பிடிக்காமல் விட்டுவிட்டு, ஒரு கிராமப் பள்ளியில் இரண்டு வருடம் பாடம் எடுத்தேன். அங்கே நன்றாகப் படித்த இருளர் பையன் ஒருவன் சாதிச் சான்றிதழ் கிடைக்காமல் பன்னிரண்டாவதோடு நின்றுவிட்டான். அது மனதை விட்டுப் போகவில்லை. இப்போது பழங்குடி மக்களுக்குச் சான்றிதழ் வாங்கித்தர உதவும் சிறு அமைப்பில் மனு எழுதும் வேலை. அடுத்து சட்டம் படிக்கத் தோன்றுகிறது. "நீ எதிலும் நிலைக்க மாட்டாய்" என்கிறார் அப்பா. அவர் சொல்வது சரிதானோ என்று ராத்திரியில் பயமாக இருக்கிறது.

ச.

அன்புள்ள ச.,

உங்களுக்கு ஒருவரைப் பற்றிச் சொல்ல வேண்டும். சீர்காழிக்காரரான எஸ். ஆர். ரங்கநாதன் மாநிலக் கல்லூரியில் கணக்கு வாத்தியார். 1924இல் சென்னைப் பல்கலைக்கழக நூலகர் ஆனார். அப்போது பெரிய லட்சியம் எதுவும் இல்லை, சம்பளம் கூடுதல் என்பதும் ஒரு காரணம். சேர்ந்த சில நாளிலேயே அந்தத் தனிமை தாங்காமல் பழைய கல்லூரிக்குப் போய் வகுப்பைத் திருப்பிக் கேட்டார். லண்டன் பயிற்சி முடிந்த பிறகும் பிடிக்காவிட்டால் திரும்பி வரலாம் என்ற ஏற்பாட்டில்தான் கப்பலேறினார். அங்கே நூலகம் நூலகமாகப் போய்ப் பார்த்தார். திரும்பி வந்தவர் ஏறத்தாழ இருபது ஆண்டுகள் அந்தப் பதவியை விடவில்லை.

புத்தகம் அலமாரியில் இருந்தால் போதாது, வேண்டியவர் கைக்குப் போய்ச் சேர வேண்டும். இந்த ஒரே கவலை அவரை எங்கெங்கோ இழுத்துப் போனது. தேடியவுடன் கிடைக்க வேண்டும் என்று புதுப் பகுப்பு முறை வகுத்தார். ஆள் வேண்டுமே என்று நூலகர்களுக்குப் பயிற்சி தொடங்கினார். 1931இல் மன்னார்குடிப் பக்கம் மாட்டுவண்டியில் புத்தகங்கள் ஊர் ஊராகப் போனதில் அவர் இயக்கத்துக்குப் பங்கு உண்டு. பணம் வேண்டும், அதற்குச் சட்டம் வேண்டும் என்று 1930இலேயே மாதிரி மசோதா எழுதினார். சென்னை மாகாணத்தில் பொது நூலகச் சட்டம் வந்தது 1948இல். பதினெட்டு வருடம்! அப்போது அவர் டெல்லியில் பாடம் நடத்திக்கொண்டிருந்தார்.

உங்கள் வீட்டுச் சொத்துவரி ரசீதை எடுத்துப் பாருங்கள். நூலகத்துக்கென்று ஒரு தொகை தனியாகப் போட்டிருக்கும். அப்பாவிடமும் காட்டுங்கள்.

இப்போது உங்கள் விஷயம். முதல் வேலையை விட்டதற்கு 'பிடிக்கவில்லை' என்பதைத் தவிர நீங்கள் காரணம் எழுதவில்லை. அதில் அப்பாவின் பயம் நியாயமானது. ஆனால் அதற்குப் பிறகு நீங்கள் தாவவே இல்லை. அந்தப் பையன் பின்னாலேயே போயிருக்கிறீர்கள். வகுப்பறையில் அவனுக்குச் செய்ய முடியாததைக் கோட்டாட்சியர் அலுவலக வாசலில் செய்யப் பார்த்தீர்கள். மனு எழுதி எழுதி, "உங்கள் பெற்றோரிடம் சான்றிதழ் இருக்கிறதா" என்ற கேள்வியில் அது திரும்பி வருவதைப் பார்த்திருப்பீர்கள். பள்ளிக்கூடமே போகாத அப்பா அம்மாவிடம் அந்தக் காகிதம் எங்கிருந்து வரும்? அதற்கு அடுத்த கதவு நீதிமன்றம். ஆகவே, சட்டம் படியுங்கள்.

ஒரு நிபந்தனையும் சொல்வேன். இந்த வேலை சலித்துவிட்டதால் படிக்கப் போகிறீர்களா, இந்த வேலை கேட்பதால் போகிறீர்களா என்று நேர்மையாகப் பாருங்கள். சலிப்பு என்றால் இன்னும் ஒரு வருடம் இங்கேயே இருங்கள். ரங்கநாதனும் முதலில் சலித்து ஓடப் பார்த்தவர்தான்.

பணத்தைப் பற்றி யோசிப்பதில் வெட்கம் வேண்டாம். மூன்று வருடப் படிப்பு, வருகைப் பதிவு உண்டு, முழுநேர வேலையோடு ஒத்துவராது. கையில் எத்தனை மாதச் செலவுக்கு இருக்கிறது என்று தாளில் எழுதி அப்பா முன் வையுங்கள். பாதி பயம் அந்தத் தாளிலேயே தீர்ந்துவிடும்.

அந்தப் பையனுக்குச் சான்றிதழ் வந்ததா, இல்லையா? கடிதத்தில் நீங்கள் அதைச் சொல்லவில்லை. அவசியம் எழுதுங்கள்.