கேளுங்க சொல்றோம்: நாப்பது பேருக்கு ஒரே ஒரு போன்

கேள்வி: சார், நான் எட்டாம் வகுப்புக்கு சயின்ஸ் எடுக்கிறேன். மொபைல வெச்சு கிளாஸ்ல ஆக்டிவிட்டி பண்ணுங்கன்னு சொல்லிட்டே இருக்காங்க, ஆனா பசங்ககிட்ட போன் கிடையாது, இருக்கிற ஒரே போன் என்னோடது. நாப்பது பேருக்கு இத வெச்சு என்னத்த பண்றது?

பதில்: டீச்சர், நாப்பது போன் இல்லாததே நல்லதுன்னு சொன்னா கோவிச்சுக்காதீங்க. அத்தனைக்கும் சார்ஜ் இருக்கணும், நெட் கிடைக்கணும், எவனாவது ஒருத்தன் பாஸ்வேர்ட மறந்துட்டு முழிப்பான், இதெல்லாம் சரி பண்றதுக்குள்ள பெல் அடிச்சிடும்.

பிளிக்கர்ஸ்னு ஒரு ஆப் இருக்கு, அத உங்க போன்ல போட்டுட்டு ஆளுக்கு ஒரு அட்டை பிரிண்ட் எடுத்து குடுத்துடுங்க. அட்டைல கியூஆர் கோடு மாதிரி ஒரு கறுப்பு உருவம், நாலு பக்கத்துலயும் பொடி எழுத்துல ஏ, பி, சி, டி. பி தான் விடைன்னு நெனைக்கிற பையன் பி மேல வர்ற மாதிரி திருப்பி தூக்கிக் காட்டணும், நீங்க கேமராவ மெதுவா ஒரு சுத்து சுத்தினா யார் என்ன சொன்னாங்கன்னு ஸ்கிரீன்ல வந்துடும். ஒவ்வொருத்தர் அட்டைலயும் உருவம் வேற, அதனால பக்கத்து பெஞ்ச எட்டிப் பாத்தும் பிரயோஜனம் இல்ல. விரல் உருவத்த மறைக்கக்கூடாது, பளபளன்னு லேமினேஷன் போட்டாலும் வெளிச்சம் பட்டு கேமராவுக்கு தெரியாம போயிடும்.

இது வரைக்கும் ஆப் பாத்துக்கும், இனிமேதான் உங்க வேலை. ஹார்வர்டுல ஃபிசிக்ஸ் எடுக்கிற எரிக் மசூர் 1990கள்ல ஆரம்பிச்சு பிரபலமாக்கின முறை ஒண்ணு இருக்கு, மொதல்ல தனியா யோசிச்சு ஓட்டு, அப்புறம் பக்கத்துல இருக்கறவங்களோட வாக்குவாதம், அப்புறம் மறுபடி ஓட்டு. உதாரணத்துக்கு, டம்ளர் தண்ணில ஐஸ் கட்டி மிதக்குது, அது முழுசா உருகினா தண்ணி மட்டம் ஏறுமா, எறங்குமா, அப்படியே இருக்குமான்னு கேளுங்க. பாதி பேர் ஏறும்னுதான் சொல்வாங்க. அப்ப விடைய சொல்லிடாதீங்க, எவ்வளவு பேர் என்ன சொன்னாங்கன்னு கூட காட்டாதீங்க, காட்டினா எல்லாரும் கூட்டம் இருக்கிற பக்கம் சாஞ்சிடுவாங்க. ரெண்டு நிமிஷம் சண்டை போட விட்டுட்டு மறுபடி அட்டைய தூக்க சொல்லுங்க, அப்படியே இருக்கும்னு சொல்றவங்க கூடியிருப்பாங்க, அதான் சரியான விடை. எப்பவுமே முப்பதுலேர்ந்து எழுபது சதவீதம் பேர் சரியா சொல்ற கேள்விதான் இதுக்கு தோதா இருக்கும். எல்லாருக்கும் தெரிஞ்ச கேள்விக்கு விவாதம் வராது, யாருக்குமே தெரியலன்னா மறுபடி நடத்திட வேண்டியதுதான்.

கேள்வி: கஹூட்னு போன்ல ஆடுற குவிஸ் ஆப் போட்டா கிளாஸே கத்தி கொண்டாடுது, ஆனா பசங்க கேள்விய படிக்காமலே தட்டுறாங்க. நிறுத்திடலாமா?

பதில்: நிறுத்த வேண்டாம், அதுல வேகமா தட்டினா பாயிண்ட் ஜாஸ்தி, அதான் தட்டுறாங்க, பசங்க மேல தப்பே இல்ல. கஷ்டமான கேள்விக்கு நேரத்த கூட்டி வைங்க, சில கேள்விக்கு பாயிண்டே இல்லாம போடுங்க, டீம் மோடுல நாலு பேருக்கு ஒரு போன் குடுங்க, தட்டறதுக்கு முன்னாடி நாலு பேரும் ஒத்துப்போகணும்ல. இன்னொண்ணு, பரிசுக் கோப்பைய விட ஆட்டம் முடிஞ்சு வர்ற ரிப்போர்ட்தான் உங்களுக்கு முக்கியம், எந்தக் கேள்வில நெறைய பேர் ஒரே தப்பான விடைய தொட்டாங்களோ அங்கேர்ந்து அடுத்த கிளாஸ ஆரம்பிங்க.

கேள்வி: படிப்புன்னு சொல்லி கடைசில பசங்க கையில போன குடுக்கறதுதானே இது? ஒரு அம்மாவா கேக்குறேன்.

பதில்: உங்க பயம் நியாயம்தாம்மா. யுனெஸ்கோவே 2023 அறிக்கைல போன் கவனத்த சிதறடிக்குதுன்னு எச்சரிச்சிருக்கு, படிப்புக்கு உதவினா மட்டும் பயன்படுத்துங்கன்னும் சொல்லியிருக்கு. ஆக்டிவிட்டி எத்தனை நிமிஷம், அது முடிஞ்சா போன் எங்க போகும்னு டீச்சர்கிட்ட கேளுங்க, பதில் டக்குன்னு வந்தா கவலைப்படாதீங்க.

கேள்வி: கிளாஸ்ல ரெண்டு போன் கிடைக்கும். குவிஸ் தவிர வேற ஏதாவது சொல்லுங்க.

பதில்: ரெண்டு போனா, அப்ப ஒலியோட வேகத்தையே அளந்துடலாம்! ஜெர்மனில ஆகன் யுனிவர்சிட்டிக்காரங்க பண்ணின ஃபைஃபாக்ஸ்னு ஒரு இலவச ஆப், போன்குள்ள இருக்கிற சென்சார எல்லாம் சோதனைக்கருவியா மாத்திடும். அதுல சத்தம் கேட்டா ஓடி அடுத்த சத்தத்துக்கு நிக்கிற ஸ்டாப்வாட்ச் ஒண்ணு இருக்கு. ரெண்டு போனையும் சரியா 5 மீட்டர் தள்ளி வைங்க, ஒரு போன் பக்கத்துல ஒருத்தி கை தட்டணும், கொஞ்சம் விட்டு மத்த போன் பக்கத்துல இன்னொருத்தன் தட்டணும். மொத தட்டு தூரத்து போனுக்கு லேட்டா போய் சேரும், ரெண்டாவது தட்டு இந்தப் பக்கம் லேட்டா வரும், அதனால ரெண்டு வாட்ச்லயும் ஒரே நேரம் காட்டாது. வித்தியாசம் ஒலி 10 மீட்டர் போற நேரம், கிட்டத்தட்ட 0.029 விநாடி. பத்த அதால வகுத்தா விநாடிக்கு 343 மீட்டர் பக்கத்துல வரும், பசங்க நம்பாம ரெண்டாந்தடவை தட்டுவாங்க.

ஒருவேளை 360னு வந்தா உடனே திருத்தாதீங்க, எங்க தப்புன்னு அவங்களே தேடட்டும். தட்டினவன் போன விட்டு தள்ளி நின்னானா, டேப் வளைஞ்சிருந்துச்சான்னு பாக்கட்டும். சும்மா பேச்சு சத்தத்துக்கே வாட்ச் ஓட ஆரம்பிச்சிட்டா எவ்வளவு சத்தம் வந்தா வாட்ச் ஓடணும்ங்கிற அளவ ஆப்ல கொஞ்சம் ஏத்தி வைங்க, ஃபேனையும் நிறுத்திடுங்க.