நவாப் வீட்டுச் சுண்ணாம்பு

(கட்டட மேற்பார்வையிலேயே காலத்தை ஓட்டிய திருவல்லிக்கேணிக்காரர் ஒருவர் இந்த வாரம் பதில் சொல்கிறார்.)

கேள்வி: சேப்பாக்கம் அரண்மனையை இவ்வளவு செலவழித்துப் புதுப்பித்தார்களே! முதலில் நவாப் வீடு, பிறகு வெள்ளைக்காரன் ஆபீஸ். இதில் நம்முடைய அடையாளம் எங்கே இருக்கிறது?
– வாசகர், கொரட்டூர்

பதில்: நியாயமான கேள்விதான். ஆற்காட்டு நவாப் முகம்மது அலி வாலாஜா 1768-ல் கட்டிய வீடு அது. கடைசி நவாப் 1855-ல் வாரிசில்லாமல் இறந்ததும் பட்டம் போயிற்று. கொஞ்ச நாளில் அரண்மனையும் ஏலத்துக்கு வந்து அரசாங்கத்தின் கைக்குப் போய்விட்டது. அதற்கப்புறம் நூற்றைம்பது வருஷம் ஆபீஸ்தான். என் அப்பா அதை அரண்மனை என்று சொல்லி நான் கேட்டதே இல்லை. அவருக்கு அது 'ரெவின்யூ போர்டு', அதாவது அரசாங்கத்தின் வருவாய்த் துறை ஆபீஸ்.

எனக்கும் தெரியாது. இளவயதில் ஒரு காகிதத்துக்காக அந்த வளாகத்தில் நாலு நாள் நின்றேன். எந்த ஆபீஸ் என்பதை விட்டுவிடுவோம். வளைவுகளுக்கு நடுவே பிளைவுட் தடுப்பு, அதன் மேல் சிவப்புத் துணியில் கட்டிய ஃபைல் மூட்டைகள், அதற்கும் மேலே புறா. நான் சாய்ந்து நின்றது நவாபின் தூணில் என்று யாராவது சொல்லியிருந்தால் சிரித்திருப்பேன்.

2012 ஜனவரியில், அந்த அரண்மனையின் ஒரு பகுதியான கலஸ் மகால் எரிந்தது. கூரை சரிந்து தீயணைப்பு வீரர் ஒருவர் உயிரை விட்டார். ஊர் அந்தக் கட்டடத்தை நிமிர்ந்து பார்த்தது அதற்குப் பிறகுதான்.

சரி, உங்கள் கேள்விக்கு வருகிறேன். குவிமாடத்தையும் வளைவையும் விடுங்கள், கூரையைப் பாருங்கள். அந்தக் கூரைக்குப் பெயரே 'மெட்ராஸ் டெரஸ்'. தேக்குச் சட்டங்களை வரிசையாகப் போட்டு, ஓர் அங்குலக் கனமுள்ள சின்னச் செங்கல்லைச் சுண்ணாம்பில் தோய்த்து, குறுக்குவாட்டில் செங்குத்தாக ஒட்டிக்கொண்டே போவார்கள். அதன் மேல் செங்கல் ஜல்லியும் சுண்ணாம்பும். பெண்கள் வரிசையாக உட்கார்ந்து கட்டையால் தட்டித் தட்டி இறுக்குவார்கள். தட்டத் தட்ட, கடுக்காயும் வெல்லமும் ஊறிய தண்ணீரைத் தெளிப்பார்கள். கடைசியில் தட்டையான ஓடுகளைப் பாவினால் வேலை முடிந்தது. நவாப் பணம் கொடுத்தார். கை யாருடையது? நம்ம ஊர்க் கொத்தனார், சித்தாள். அந்த வேலை தெரிந்தவர்களைத் திரும்பத் தேடிப் பிடிக்க வைத்தது இந்தப் புதுப்பிப்பு. எனக்கு அது போதும்.

கேள்வி: பழைய சுவருக்கு சிமெண்ட் பூசினால் என்ன? கெட்டியாகத்தானே இருக்கும்?
– வாசகி, மயிலாப்பூர்

பதில்: நான் பூசினேன், அம்மா! எங்கள் தாத்தா வீட்டில். தெரிந்த காண்டிராக்டர் "ஒரு வாரத்தில் முடித்துவிடுகிறேன் சார்" என்றார், முடித்தும் கொடுத்தார். இரண்டாவது மழைக்காலத்தில் சுவர் பொருமி, பூச்சு அப்பளம் மாதிரி எழும்பியது. தட்டிப் பார்த்தால் உள்ளே செங்கல் மாவாக உதிர்கிறது. சுண்ணாம்புச் சுவர் ஈரத்தை இழுக்கும், வெயிலில் விட்டுவிடும். சிமெண்ட் அந்த வாயை அடைத்துவிடும். கடற்கரைப் பக்கம் உப்பும் சேர்ந்துகொள்ளும். பிறகு வந்த கிழக் கொத்தனார், அரைத்த சுண்ணாம்பை இரண்டு விரலுக்கு நடுவே தேய்த்துப் பார்த்து, "நெருடுது, இன்னும் அரைங்க" என்று மூன்று முறை திருப்பி அனுப்பினார். அந்தச் சுவர் இன்றைக்கும் நிற்கிறது.

கேள்வி: பிள்ளைகளைச் சேப்பாக்கம் அரண்மனைக்கு உள்ளே கூட்டிப்போய்க் காட்ட முடியுமா?
– வாசகர், ராயபுரம்

பதில்: கலஸ் மகாலில், சுற்றுச்சூழல் வழக்குகளை விசாரிக்கும் தேசிய பசுமைத் தீர்ப்பாயம் இயங்குகிறது. வழக்கு நடக்கும் இடத்தில் வேடிக்கை பார்க்க முடியாது. அதே அரண்மனையின் இன்னொரு பகுதியான ஹுமாயூன் மகாலில் விடுதலைப் போராட்ட அருங்காட்சியகம் என்று அரசு அறிவித்தது. நல்ல முடிவு. பூட்டி வைத்த அரண்மனையில் வௌவால்தான் குடியிருக்கும். ஆனால் என்னைக் கேட்டிருந்தால் ஒன்று சொல்லியிருப்பேன். ஏதாவது ஒரு மூலையில் அந்தப் பிளைவுட் தடுப்பு ஒன்றையும் சிவப்புத் துணி மூட்டை ஒன்றையும் அப்படியே விட்டுவைத்திருக்கலாம். நவாப் குடும்பம் அங்கே இருந்ததைவிட நாம் வரிசையில் நின்ற வருஷம்தானே அதிகம்!