வயதான நாய்க்கு மயக்கம் கொடுத்துப் பல் சுத்தம் செய்யலாமா?

கேள்வி: என் நாய்க்கு 9 வயது. வாய் நாற்றம் தாங்கவில்லை, கடைவாய்ப் பற்களில் பழுப்பாகக் காறை படிந்திருக்கிறது. முழு மயக்கம் கொடுத்துத்தான் சுத்தம் செய்ய முடியும் என்கிறார் மருத்துவர். முடி வெட்டிவிடும் இடத்திலோ, மயக்கமே வேண்டாம், அரை மணி நேரத்தில் முடித்துவிடலாம் என்கிறார்கள். இந்த வயதில் மயக்கம் தாங்குமா?

பதில்: பெரும்பாலும் தாங்கும். வயது ஒரு நோயல்ல. சிறுநீரகமும் கல்லீரலும் இதயமும் எப்படி இருக்கின்றன என்பதுதான் விஷயம். ரத்தப் பரிசோதனை செய்யாமல், இதயத்துடிப்பைக் கூடக் கேட்காமல் தேதி குறிப்பவரிடம் போகாதீர்கள்.

அந்த அரை மணி நேரக்காரர்கள் நாயை அமுக்கிப் பிடித்து, கண்ணுக்குத் தெரியும் காறையை மட்டும் சுரண்டுவார்கள். பல் வெள்ளையாகும், நீங்களும் சந்தோஷமாகப் பணம் கொடுப்பீர்கள். ஆனால் பல்லை ஆட்டிவிடும் நோய் இருப்பது ஈறுக்கு அடியில். விழித்திருக்கும் நாய் அங்கே கருவியை விட இடம் கொடுக்காது. ஒழுகுகிற கூரையை விட்டுவிட்டுச் சுவருக்கு வெள்ளையடிக்கிற வேலை இது. சுரண்டிய பல்லை முறையாகப் பாலிஷ் செய்யாவிட்டால், அந்தக் கீறல்களில் அழுக்குப் படலம் இன்னும் வேகமாக ஒட்டும். இவர்களிடம் ஆள் அனுப்பிவிட்டுக் கமிஷன் வாங்குபவர்களும் உண்டு. யார் சிபாரிசு செய்தார்கள் என்று யோசித்துப் பாருங்கள்.

இன்னொரு வலை, 'லேசா ஒரு ஊசி போட்டுச் செய்துவிடலாம்' என்பது. முழு மயக்கத்தில் மூச்சுக்குழாய்க்குள் ஒரு குழாய் இருக்கும். தண்ணீரும் கிருமியும் நுரையீரலுக்குப் போகாமல் அதுதான் காக்கிறது. குழாய் இல்லாத அரைமயக்கத்துக்குத்தான் நீங்கள் பயப்பட வேண்டும்.

ஒரு விதிவிலக்கு. பக், புல்டாக் போன்ற சப்பை மூக்கு நாய் என்றால் கூடுதல் கவனம் தேவை. இவற்றுக்கு மூக்குத் துளை குறுகல், அண்ணம் நீளம். மயக்கத்தில் இருக்கும்போது குழாய் இருப்பதால் சமாளித்துவிடலாம். தெளியும் நேரம்தான் கண்டம். குழாயை அவசரமாக உருவினால் மூச்சு அடைத்துவிடும். நாய் நன்றாக விழித்து, குழாயைப் பொறுக்காமல் தலையைத் தூக்கும் வரை அதை விட்டுவைக்க வேண்டும். எடுத்த பிறகும் ஒருவர் கூடவே உட்கார்ந்திருக்க வேண்டும். 'தெளியும்போது பக்கத்தில் யார் இருப்பார்?' என்று நேராகக் கேளுங்கள். 'அதெல்லாம் பார்த்துக்கொள்வோம்' என்பது பதில் இல்லை.

சரி, மருத்துவரிடம் வேறென்ன கேட்பது? பல் எக்ஸ்ரே உண்டா என்று கேளுங்கள். நாய்க்கு 42 பற்கள், அவற்றின் வேர்களெல்லாம் ஈறுக்குள் மறைந்திருக்கின்றன. எங்கள் கால்நடை மருத்துவத் துறையிலேயே பல்லுக்கு மரியாதை குறைவு. படிப்பில் அதற்குக் கிடைக்கும் நேரம் சொற்பம், பல் எக்ஸ்ரே கருவி இல்லாத கிளினிக்குகள் ஏராளம். ஆனாலும் பில்லில் 'டென்டல்' என்று ஒற்றை வரி எழுதக் கை கூசுவதில்லை. எது எதற்கு எவ்வளவு என்று பிரித்து எழுதித் தரச் சொல்லுங்கள்.

கண்ணுக்குக் கீழே வீக்கம் தெரிந்தால் மேல் கடைவாய்ப் பல்லின் வேரில் சீழ் இருக்கலாம். உடனே காட்டுங்கள்.

பல் சிகிச்சை முடிந்து புண் ஆறிய பின் தினமும் பல் துலக்கிவிடுங்கள், படலம் ஓரிரு நாளிலேயே இறுகத் தொடங்கிவிடும். நாம் துலக்கும் பேஸ்ட் மட்டும் வேண்டாம். சிலவற்றில் இருக்கும் சைலிட்டால் என்ற இனிப்பூட்டி நாய்க்கு விஷம்.

அப்புறம், சிகிச்சை நாளில் போனைக் கையிலேயே வைத்திருங்கள். எந்தப் பல்லைப் பிடுங்க வேண்டும் என்பது மயக்கத்தில் எக்ஸ்ரே பார்த்த பிறகுதான் தெரியவரும். அப்போதுதான் உங்கள் சம்மதம் கேட்டு அழைப்பார்கள்.