தரங்கம்பாடியின் 1800-கள்: கேள்வி பதில்

கேள்வி: தரங்கம்பாடியை ஆண்ட டேனிஷ்காரர்கள் (டென்மார்க் நாட்டார்) சண்டையில் தோற்றா ஊரைவிட்டுப் போனார்கள்?

பதில்: இல்லை, விற்றுவிட்டுப் போனார்கள். 1845-இல் தரங்கம்பாடியும் வங்காளத்துச் செராம்பூரும் சேர்ந்து 12.5 லட்சம் ரூபாய்க்கு ஆங்கிலேயரிடம் கைமாறின. ஆனால் கப்பல் வியாபாரம் அதற்கு முன்பே படுத்துவிட்டது. ஐரோப்பாவில் மூண்ட சண்டையால் 1808 முதல் 1815 வரை ஊர் ஆங்கிலேயர் கையில் இருந்தது. திரும்பக் கிடைத்தபோது கோட்டை இருந்தது, பழைய வியாபாரம் இல்லை.

கேள்வி: அன்று கடைத்தெருவில் என்ன நாணயம்?

பதில்: டேனிஷ் அரசர் முத்திரை போட்ட செப்புக் காசு. 80 காசு ஒரு பணம், 8 பணம் ஒரு ரூபாய்.

கேள்வி: ஆங்கிலேயர் வந்தபின் ஊர் செழித்திருக்க வேண்டுமே?

பதில்: கொஞ்ச காலம் அப்படித்தான். 1845 முதல் 1860 வரை தஞ்சாவூர் ஜில்லாக் கலெக்டரின் கச்சேரியே (அலுவலகமே) இங்கேதான். கச்சேரி இருந்தால் வக்கீல், குமாஸ்தா, மனு எழுதுகிறவர் எல்லாரும் வருவார்கள். அது போனால் அவர்களும் மூட்டை கட்டுவார்கள். அப்புறம் 1861-இல் நாகப்பட்டினம் – தஞ்சாவூர் ரயில் ஓடத் தொடங்கியது. சரக்கு அந்தப் பக்கம் திரும்பிவிட்டது. தரங்கம்பாடிக்கு ரயில் வந்ததோ 1926-இல்! பீரங்கிச் சத்தம் இல்லாமல் ஒடுங்கிய ஊர் என்பதால்தான் இந்தக் கதையை யாரும் சொல்வதில்லை என்று நினைக்கிறேன்.

கேள்வி: தமிழின் முதல் நாவலை எழுதிய மாயூரம் வேதநாயகம் பிள்ளை இங்கே வேலை பார்த்தாரா?

பதில்: ஆமாம், 1857-இல் முன்சீபாக, அதாவது கீழ்க்கோர்ட்டு நீதிபதியாக. மாயூரத்தில் (இன்றைய மயிலாடுதுறை) வேலை பார்த்ததெல்லாம் பிறகுதான்.

கேள்வி: தேவாலயத்திலும் சாதி பார்த்தார்கள் என்று தாத்தா சொல்வார். உண்மையா ஐயா?

பதில்: உண்மைதான். 1840-களில் டேனிஷ் மிஷன் பணியை ஜெர்மனியின் லுத்தரன் சபையான லைப்சிக் மிஷன் ஏற்றது. சாதி வழக்கத்தை வலுக்கட்டாயமாக ஒழிக்க வேண்டாம், மெல்ல மாறட்டும் என்பது அவர்கள் நிலை. ஓக்ஸ் என்ற மிஷனரிக்கு அது பொறுக்கவில்லை. விலகிப் போய் கடலூர்ப் பக்கத்து மேல்பட்டாம்பாக்கத்தில் தனியே பணி தொடங்கினார். அவர் பெயர் இன்று எத்தனை பேருக்குத் தெரியும்?

கேள்வி: கொள்ளுத்தாத்தாவின் அண்ணன் இந்துமாக்கடலில் உள்ள பிரெஞ்சுத் தீவான ரீயூனியனுக்குக் கப்பலேறினாராம். எங்கே தேடுவது?

பதில்: முதலில் காரைக்கால் பதிவேடுகளைப் பாருங்கள். அது பக்கத்திலேயே இருந்த பிரெஞ்சுத் துறைமுகம். பிரிட்டனும் பிரான்சும் 1860-இல் செய்துகொண்ட உடன்படிக்கைக்குப் பின் ஆங்கிலேயர் ஆட்சிப் பகுதி ஆட்களையும் கரும்புத் தோட்டங்களுக்கு ஏற்றிச் செல்ல வழி பிறந்தது. கூலியாட்களின் வேலை ஒப்பந்தம் ஐந்து ஆண்டுக்கு, பலர் திரும்பவேயில்லை. பெயரை மட்டும் நம்பித் தேடாதீர்கள். குமாஸ்தா காதில் விழுந்தபடி பிரெஞ்சு எழுத்தில் எழுதியிருப்பார். அப்பா பெயர், ஊர், வயது மூன்றையும் சேர்த்துப் பொருத்துங்கள். குடும்பம் லுத்தரன் சபை என்றால் ஞானஸ்நானப் பதிவேட்டையும் கேட்டுப் பாருங்கள்.