மூளைக் கழிவை ஓட்டம் நீக்குமா? 24 வயதில் ஸ்கேன் எதற்கு?

கேள்வி: எனக்கு வயது 24. சோழிங்கநல்லூரில் கால் சென்டர் வேலை. மாலை 6 மணிக்குத் தொடங்கி அதிகாலை 3 மணிக்கு முடியும் ஷிப்ட். கொஞ்ச நாளாகத் தலை கனமாக இருக்கிறது, பெயர்கள் மறந்துபோகின்றன. “உட்கார்ந்தே இருப்பதால் மூளையில் கழிவு தேங்கிவிட்டது, வியர்க்க வியர்க்க ஓடினால் அப்போதே கழுவிக்கொண்டு போய்விடும்” என்கிறார் ஜிம் பயிற்சியாளர். அவர் கைகாட்டிய மையத்தில் எம்.ஆர்.ஐ. ஸ்கேனும் ‘மூளைக் கழிவு நீக்க’ மசாஜும் சேர்த்து 18,000 ரூபாய். 2,000 ரூபாய் முன்பணம் கட்டிவிட்டேன். போகலாமா?

பதில்: போகாதீர்கள். உடற்பயிற்சியை மட்டும் தொடங்குங்கள். நல்ல சரக்கையும் போலிச் சரக்கையும் ஒரே மூட்டையாகக் கட்டி உங்கள் தலையில் வைக்கப் பார்க்கிறார்கள்.

மூளையில் கழிவு சேர்வது உண்மை. எல்லோருக்கும் நாள்தோறும் சேர்கிறது, நாள்தோறும் வெளியேறவும் செய்கிறது. மூளையையும் தண்டுவடத்தையும் சூழ்ந்து எந்த நேரமும் சுமார் 150 மில்லி தெளிந்த நீர் இருக்கிறது. உடல் தினமும் அரை லிட்டர் அளவுக்கு அதைப் புதிதாகச் சுரக்கிறது. இந்த நீர் தமனிகளை ஒட்டிய மெல்லிய இடைவெளி வழியே மூளைக்குள் இறங்கி, செல்களுக்கு இடையில் கிடக்கும் கழிவுப் புரதங்களை அலசி, பிறகு மூளை உறையிலுள்ள நிணநீர்க் குழாய்கள் போன்ற வழிகளில் கழுத்துப் பக்கம் வடிகிறது. வயலுக்கு மடை திறந்து நீர் பாய்ச்சி, மறுகோடியில் வடியவிடுவதைப் போல. 2012இல் அமெரிக்காவின் ரோசெஸ்டர் பல்கலைக்கழகத்தில் மைக்கேன் நெடர்கார்டின் குழு எலிகளில் இதைக் கண்டு, கிளிம்ஃபாட்டிக் மண்டலம் என்று பெயரிட்டது. நீரை உள்ளே தள்ளும் முக்கிய விசைகளில் ஒன்று தமனியின் துடிப்பு. உடற்பயிற்சிக்கும் மூளைக்கும் உள்ள தொடர்பு தொடங்குவது இங்கேதான்: தமனி மிருதுவாகவும் ரத்த அழுத்தம் அளவாகவும் இருந்தால் மடை சீராகப் பாயும்.

ஆனால் ஓடும்போதே கழுவிவிடும் என்பது தவறு. நெடர்கார்டின் குழுவே 2018இல் இளம் எலிகளை 5 வாரம் சக்கரத்தில் ஓடவிட்டது. சராசரியாக ஒரு நாளைக்கு 6 கிலோமீட்டர் ஓடின. விழித்து ஓய்ந்திருக்கும் நேரத்தில் அவற்றின் மூளைக்குள் நீர் புகுவது கூடியிருந்தது. ஓடிக்கொண்டிருக்கும் நேரத்திலோ அது குறைந்தது! பலன் வாரக்கணக்கில் சேர்ந்து, ஓய்வு நேரத்தில் கிடைக்கிறது. மனிதர்களிலும் அப்படித்தான் தெரிகிறது. தென் கொரிய ஆய்வாளர்கள் 2025இல் வெளியிட்ட முடிவில், 12 வாரம் நிலையான சைக்கிளை மிதித்த ஆரோக்கியமானவர்களிடம் இந்த மூளை நீரின் ஓட்டம் கூடியிருந்தது. ஒரே ஒரு நாள் மிதித்ததால் குறிப்பிடும்படி எதுவும் மாறவில்லை. வியர்வையோடு மூளை அழுக்கும் இறங்குகிறது என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள்.

அந்த ஸ்கேனைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகவே சொல்ல வேண்டும். சென்ற ஆண்டு 26 வயது இளைஞர் ஒருவர் பளபளப்பான அறிக்கை ஒன்றை என் மேஜையில் விரித்தார். நீலமும் சிவப்புமாக மூளைப் படம், அடியில் 1.31 என்ற எண். அதைப் பேனாவால் வட்டமிட்டு ‘குறைவு’ என்று எழுதியிருந்தார்கள். தாளைத் திருப்பினால் பத்து அமர்வுகளுக்கான கட்டணப் பட்டியல். முழுமையாகப் பரிசோதித்தேன், நரம்பில் ஒரு குறையும் இல்லை. எத்தனை மணி நேரம் தூங்குகிறீர்கள் என்று கேட்டேன். விரல்விட்டு எண்ணி, “நான்கரை” என்றார். அந்த மையத்தில் ஒருவரும் அவரிடம் இந்தக் கேள்வியைக் கேட்டிருக்கவில்லை.

அந்த எண்ணுக்கு ‘ஆல்ப்ஸ் குறியீடு’ என்று பெயர். ஜப்பானிய ஆய்வாளர்கள் 2017இல் முன்வைத்தது. மூளையின் ஒரு சிறு இடத்தில் நீர் எந்தத் திசையில் எவ்வளவு எளிதாகப் பரவுகிறது என்பதை மட்டும் அது அளக்கிறது. கழிவு எவ்வளவு இருக்கிறது என்று அது சொல்லாது. தலையைச் சற்றுச் சாய்த்துப் படுத்தாலே எண் மாறும். நோயாளிக் கூட்டத்தையும் ஆரோக்கியமானவர் கூட்டத்தையும் ஒப்பிட ஆய்வாளர்களுக்குப் பயன்படலாம். தனி ஒருவருக்கு ‘இதற்குக் கீழே போனால் கெடுதல்’ என்று எல்லோரும் ஏற்ற அளவு எதுவும் கிடையாது. கழுத்தை நீவிவிட்டால் அது கூடும் என்பதற்கும் மனிதர்களில் நம்பத்தக்க சான்று இல்லை.

நோயாளியை அனுப்பிவைத்ததற்காக மருத்துவர் கமிஷன் வாங்கக் கூடாது என்று 2002ஆம் ஆண்டின் இந்திய மருத்துவக் கவுன்சில் விதிகள் சொல்கின்றன. ஜிம் பயிற்சியாளர் மருத்துவர் அல்லர், அவரை அந்த விதி தொடாது. மாய மருந்து விளம்பரங்களைத் தடுக்க 1954ஆம் ஆண்டுச் சட்டம் இருக்கிறது. நோயின் பெயரையே சொல்லாமல் ‘கழிவு நீக்கம்’ என்று எழுதி அதிலிருந்து நழுவுகிறார்கள். இன்னொரு பக்கம், தலையில் கட்டி இருக்குமோ என்று சந்தேகிக்கப்படும் ஏழை நோயாளி அரசு மருத்துவமனையில் இதே எம்.ஆர்.ஐ.க்காகத் தேதி வாங்கிக் காத்திருக்கிறார். வருடக்கணக்காகப் பார்க்கிறேன், எனக்கு ஆறவில்லை.

உங்கள் கடிதத்தில் என்னை அதிகம் கவலைப்படுத்துவது நாற்காலி இல்லை, ஷிப்ட்தான். 2019இல் பாஸ்டன் பல்கலைக்கழகத்தில் 13 இளைஞர்களை ஸ்கேன் கருவிக்குள்ளேயே தூங்கவைத்துப் பார்த்தார்கள். ஆழ்ந்த உறக்கத்தில் ஏறத்தாழ 20 விநாடிக்கு ஒருமுறை மூளை நீர் அலையாக ஏறி இறங்கியது. உறக்கத்தில் கழிவு நீக்கம் கூடுகிறதா என்பதில் விஞ்ஞானிகளிடையே வாதம் ஓயவில்லை. ஆனால் ஓர் இரவு முழுவதும் விழித்திருந்தவர்களின் மூளையில் கழிவு அகல்வது தாமதமானதையும், அடுத்த இரவுத் தூக்கம் அதை ஈடுகட்டாததையும் நார்வே மருத்துவர்கள் 2021இல் காட்டியிருக்கிறார்கள். எனவே தூக்கத்தை வெட்டி உடற்பயிற்சிக்கு நேரம் ஒதுக்காதீர்கள். மருந்துக்கடையில் தூக்க மாத்திரை வாங்கவும் வேண்டாம். சோல்பிடெம் என்ற தூக்க மாத்திரை எலிகளில் மூளை நீரின் ஓட்டத்தை மட்டுப்படுத்தியது.

அதிகாலை 5 மணிக்குப் படுத்து நண்பகல் வரை தூங்குங்கள். ஜன்னலுக்குத் தடித்த திரை, போனுக்கு வேறு அறை. அலுவலக வண்டி நாலரைக்கு வரும் என்றால் இரண்டரை மணிக்குப் பயிற்சி. அந்த நேரச் சென்னை வெயிலில் ஓடக் கூடாது. மாடிப்படி, ஸ்கிப்பிங் கயிறு, நிலையான சைக்கிள் போதும். பேச முடிய வேண்டும், பாட முடியக் கூடாது, அந்த வேகத்தில் அரை மணி நேரம். வாரம் 5 நாள். 12 வாரத்துக்கு முன் எதையும் எடைபோடாதீர்கள்.

ஒரே ஒரு விதிவிலக்கு, இதைக் கவனமாகப் படியுங்கள் தம்பி. நீங்கள் குறட்டை விடுகிறவரா? அறை நண்பரிடம் கேளுங்கள். தனியாகத் தங்கியிருந்தால் போனில் ஒலிப்பதிவை ஓடவிட்டுத் தலைமாட்டில் வைத்துவிட்டுத் தூங்குங்கள். உரத்த குறட்டை, பிறகு பத்து விநாடிக்கு மேல் அமைதி, பிறகு திணறி இழுக்கும் மூச்சு என்று கேட்டால், அது உறக்கத்தில் மூச்சு அடைபடும் நோயாக இருக்கலாம். குண்டானவர்களுக்குத்தான் வரும் என்பது தவறு. கீழ்த்தாடை சிறியதாக இருக்கும் ஒல்லியான இளைஞர்களுக்கும் வருகிறது. இரவு முழுக்க மூச்சு முட்டி முட்டித் தூக்கம் உடைகிறது, ஆழ்ந்த உறக்கமே கூடுவதில்லை. இவர்கள் எவ்வளவு ஓடினாலும் காலையில் தலைபாரம் போகாது, மறதியும் போகாது. உடற்பயிற்சி இந்த நோயைக் கொஞ்சம் தணிக்கும், தீர்க்காது. தூக்கப் பரிசோதனை செய்து, தேவைப்பட்டால் மூக்கில் பொருத்தும் காற்றழுத்தக் கருவி வாங்க வேண்டும். வெளிநோயாளிப் பரிசோதனை என்று சொல்லிக் காப்பீட்டு நிறுவனங்கள் இதற்குப் பெரும்பாலும் கைவிரிக்கின்றன, அதனால் கேட்க வேண்டியவர்களே கேட்காமல் விட்டுவிடுகிறார்கள். நீங்கள் விடாதீர்கள். அந்த 18,000 ரூபாயை எங்காவது செலவழித்தே ஆக வேண்டுமென்றால் இதற்குச் செலவழியுங்கள்.

மறதிக்கு இப்போதைக்கு ரத்த அழுத்தம், வைட்டமின் பி12, தைராய்டு மூன்றையும் பார்த்துவிடுங்கள். சில நூறு ரூபாயிலிருந்து ஓரிரு ஆயிரத்துக்குள் முடிந்துவிடும்.

முன்பணத்தை வாயால் கேட்காமல் மின்னஞ்சலில் கேளுங்கள், ரசீதின் படத்தையும் இணையுங்கள். தர மறுத்தால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915க்கு அழைத்துப் புகாரைப் பதிவு செய்யுங்கள்.