டேட்டா இல்லாத ப்ரீபெய்ட் போன்: அம்மாட ரீலோட் காசு எங்க போகுது?

கொட்டாஞ்சேனையில இருந்து ஒரு அக்கா கேட்டிருக்கிறா: வெளிநாட்டில இருக்கிற தம்பி அம்மாவுக்கு ஸ்மார்ட்போன் ஒண்டு அனுப்பியிருக்கிறார், அம்மாவுக்கு கோலும் பேங்க் எஸ்எம்எஸ்ஸும் மட்டும்தான் வேணும், டேட்டா பெக்கேஜ் ஒண்டும் போடுறேல்ல, ஆனா 100 ரூபா ரீலோட் பண்ணினா பின்னேரத்துக்குள்ள முடிஞ்சிடுது, என்ன செய்யலாம் எண்டு.

அக்கா, காசு அநேகமா டேட்டாவிலதான் போகுது. பெக்கேஜ் போடாட்டி இன்டர்நெட் வேலை செய்யாது எண்டு கன பேர் நினைக்கினம், அப்பிடி இல்ல, பெக்கேஜ் இல்லாட்டி மெயின் பேலன்ஸில இருந்துதான் வெட்டும், அதுவும் கூடின ரேட்டில. அம்மா ஒண்டையும் திறக்கத் தேவையில்ல, அப்டேட், போட்டோ பேக்கப் எல்லாம் பின்னால தன்ட பாட்டில ஓடிக்கொண்டிருக்கும்.

முதல்ல செட்டிங்ஸுக்குள்ள போய் மொபைல் டேட்டாவ ஓஃப் பண்ணுங்கோ, ரோமிங்கையும் ஓஃப் பண்ணுங்கோ. ரெண்டு சிம் போட்டிருந்தா ரெண்டுக்கும் பாருங்கோ, ஏனெண்டா சில போனில ஒரு சிம்மில சிக்னல் குறைஞ்சா மற்ற சிம்மில இருந்து டேட்டா எடுக்கிற ஒரு சுவிட்ச் இருக்கு, அதையும் மூடணும். டேட்டாவ மூடினா கோல் வராதோ எண்டு பயப்படாதேங்கோ, 4ஜி கோலிங் போகிற பாதை வேற, அதுக்கு இந்த சுவிட்சோட சம்பந்தமில்ல.

ஆனா இதோட விட்டா ரெண்டு நாளில திரும்ப அதே கதைதான். மேல இருந்து இழுத்தா வருதே அந்த பட்டன் வரிசை, அதில டேட்டா பட்டன் வைஃபைக்குப் பக்கத்திலயே நிக்கும், அம்மா சேலைத் தலைப்பால ஸ்கிரீன துடைக்கேக்க விரல் பட்டு ஒன் ஆகிடும், அவவுக்குத் தெரியவும் மாட்டுது. அந்த வரிசையில இருக்கிற பென்சில் அடையாளத்த அமத்தி டேட்டா பட்டன அங்க இருந்தே எடுத்துவிடுங்கோ. அதுக்கும் மேல, அம்மாட சிம் எந்த கம்பெனியோ அவையின்ட கஸ்டமர் கெயாருக்கு எடுத்து இந்த நம்பருக்கு டேட்டாவ முழுசா பிளொக் பண்ணச் சொல்லுங்கோ. என்னைக் கேட்டா இதுதான் உறுதியான பூட்டு, போனில என்ன தட்டுப்பட்டாலும் டேட்டாவுக்குக் காசு போகாது. அதே கோலில, ரிங்கிங் டோன், நியூஸ் அலர்ட் மாதிரி ஏதும் மாசாமாசம் வெட்டுற சேர்விஸ் ஒன்ல இருக்கா எண்டும் கேளுங்கோ, இருந்தா நிப்பாட்டச் சொல்லுங்கோ. வயசானவை பொப்-அப் வந்தா ஓகே அமத்திப்போடுவினம், பிழை அவையில இல்ல.

எஸ்எம்எஸ் விஷயத்த கொஞ்சம் விரிவா சொல்லணும். கூகிள் மெசேஜஸ் இருந்தா அதில ஆர்சிஎஸ் சட் எண்டு, எஸ்எம்எஸ்ஸுக்குப் பதிலா இன்டர்நெட்டில மெசேஜ் அனுப்புற ஒண்டு இருக்கு, அத ஓஃப் பண்ணுங்கோ. இல்லாட்டி அம்மா உங்கட வீட்டு வைஃபைக்கு வந்து போன பிறகு ஆக்கள் அனுப்புற மெசேஜ் இன்டர்நெட் வழியா வரப் பார்த்து வழியிலயே நிண்டிடும். ஐபோன் எண்டா ஐமெசேஜ், ஃபேஸ்டைம் ரெண்டையும் மூடுங்கோ, அதுகள் அக்டிவேட் ஆகிறதுக்கு சத்தமில்லாம வெளிநாட்டுக்கு ஒரு எஸ்எம்எஸ் போகும், அந்தக் காசும் பேலன்ஸிலதான் வெட்டும். அடுத்தது தமிழ்ல டைப் பண்றது. இங்கிலீஷ் எழுத்தில ஒரு எஸ்எம்எஸ்ஸுக்கு 160 இடம், தமிழுக்கு 70தான், அதிலயும் புள்ளியும் கொம்பும் தனித்தனியா எண்ணுப்படும். ‘கொழும்பு’ எண்டு போட்டா கண்ணுக்கு 4 எழுத்து, கணக்குக்கு 8. 70ஐ தாண்டினா ரெண்டு எஸ்எம்எஸ் காசு. இங்கிலீஷில எழுதி ஒரேயொரு இமோஜி போட்டாலும் அந்த மெசேஜும் 70 கணக்குக்கு இறங்கிடும். அதுக்காக அம்மாவ தமிழ்ல எழுத வேண்டாம் எண்டு சொல்லாதேங்கோ, சுருக்கமா எழுதச் சொன்னா போதும்.

வட்ஸ்அப் வேணுமெண்டா வைச்சிருக்கலாம், வைஃபை இருக்கிற இடத்தில மட்டும் வேலை செய்யும். இடையில வாற மெசேஜ் 30 நாள் வரைக்கும் வட்ஸ்அப் கம்பெனியின்ட சேர்வரில காத்திருந்து வைஃபை கிடைச்சதும் வந்து விழும். தம்பிக்கு மட்டும் சொல்லி வையுங்கோ, அவசரமெண்டா வட்ஸ்அப்பில அடிக்காம சாதாரண கோல் எடுக்கச் சொல்லி. கூகிள் மேப்பில கொழும்ப வைஃபையிலயே டவுன்லோட் பண்ணி வைச்சா வெளியிலயும் பார்க்கலாம், ஜிபிஎஸ் செட்டலைட்டில இருந்து நேரா வாறது, டேட்டா தேவையில்ல, முதல்முறை இடம் பிடிக்க மட்டும் கொஞ்ச நேரம் எடுக்கும்.

இனி ஆருக்காவது புதுப் போன் எடுத்துக் குடுக்கிறதெண்டா சிம்ம போடாம வைஃபையில முதல் செட்டப்ப முடிச்சு, டேட்டாவ மூடி, அதுக்குப் பிறகு சிம்ம போடுங்கோ, ஏனெண்டா புதுப் போன் டேட்டா ஒன்லதான் வரும். புறக்கோட்டையில வாங்கிறதெண்டா காசு குடுக்க முதல் *#06# அடிச்சு வாற 15 இலக்கத்த (அதுதான் போனின்ட அடையாள நம்பர்), IMEI எண்டு இங்கிலீஷில எழுதி ஒரு இடைவெளி விட்டுப் போட்டு 1909க்கு எஸ்எம்எஸ் பண்ணிப் பாருங்கோ, தொலைத்தொடர்பு ஆணைக்குழுவில பதிஞ்ச போனா எண்டு பதில் வரும்.