வாசகர் கேள்வி – பதில்: காலி லாரியின் புகை யார் கணக்கில்?

கேள்வி: சங்ககிரியில் இரண்டு லாரிகள் வைத்துத் தொழில் செய்கிறேன். சுற்றுச்சூழலைக் காக்க மின்சார லாரிக்கு மாறுங்கள் என்று கூட்டங்களில் சொல்கிறார்கள். மாதத் தவணை கட்டவே திணறும் எங்களைப் போன்றவர்களால் என்ன செய்ய முடியும்?

பதில்: உங்கள் வருத்தம் நியாயமானது. மத்திய அரசின் பிஎம் இ-டிரைவ் திட்டத்தில் மின்சார லாரிகளுக்கென 500 கோடி ரூபாய் ஒதுக்கி, ஒரு வண்டிக்கு அதிகபட்சம் 9.6 லட்சம் ரூபாய் மானியம் தருவதாக 2025 ஜூலையில் அறிவித்தார்கள். ஆனால் பழைய லாரியை உடைப்புக்குக் கொடுத்ததற்கான சான்றிதழ் இருந்தால்தான் அந்த மானியம் கிடைக்கும்; கனரக மின்சார லாரியின் விலையோ டீசல் லாரியின் விலையைப்போல் இரு மடங்குக்கும் மேல். துறைமுகத்துக்கும் கண்டெய்னர் கிடங்குக்கும் இடையே நாள்தோறும் ஒரே தடத்தில் ஓடும் வண்டிக்கு அது இன்றே பொருந்தும். கிடைத்த ஊருக்கு லோடு ஏற்றும் உங்கள் வண்டிக்குப் பொருந்தாது. ஆகவே அதை வாங்கவில்லையே என்று குற்ற உணர்வு கொள்ள வேண்டியதில்லை.

உங்கள் கையில் இருப்பது டீசல் கணக்கு. ஒரு லிட்டர் டீசல் எரிந்தால் ஏறத்தாழ 2.7 கிலோ கரியமில வாயு வெளியேறுகிறது. சென்னையில் சரக்கை இறக்கிய வண்டி, ரிட்டர்ன் லோடு கிடைக்காமல் சேலம் வரையிலான சுமார் 340 கிலோமீட்டரைக் காலியாகக் கடக்கிறது. லிட்டருக்கு 6 கிலோமீட்டர் கிடைப்பதாக வைத்துக்கொண்டாலும் 57 லிட்டர் டீசலும் 150 கிலோ கரியமில வாயுவும் எவருக்கும் பயனில்லாமல் போகின்றன. பிஎஸ்-6 என்ற புகைக் கட்டுப்பாட்டு விதிப்படி வந்த வண்டியாக இருந்தாலும் இந்தக் கணக்கு பெரிதாக மாறாது. 2020 ஏப்ரல் முதல் நடைமுறைக்கு வந்த அந்த விதி, நுரையீரலைக் கெடுக்கும் கரித்துகளையும் நைட்ரஜன் ஆக்சைடுகளையும் வெகுவாகக் குறைத்தது. ஓட்டுநர்கள் ‘யூரியா’ என்று சொல்லித் தனித் தொட்டியில் ஊற்றும் திரவம் நைட்ரஜன் ஆக்சைடுகளைக் குறைக்கத்தான். எரிகிற டீசலின் அளவை அது குறைப்பதில்லை.

டயரின் காற்றழுத்தத்தை வண்டி கிளம்பும் முன் பார்ப்பது, தார்ப்பாய் காற்றில் படபடக்காமல் கயிற்றை இறுக்கிக் கட்டுவது, 80-க்குப் பதில் 60-இல் ஓட்டுவது ஆகியவை செலவில்லாமல் டீசலை மிச்சப்படுத்துபவை. இவற்றை உங்களுக்கு நான் கற்றுத்தர வேண்டியதில்லை. சொல்ல வேண்டியது சரக்கு அனுப்புகிறவர்களுக்குத்தான்.

சில மாதங்களுக்கு முன் ஓர் ஆலையின் வாசலில் முப்பதுக்கும் மேற்பட்ட லாரிகள் வரிசையாக நின்றதைப் பார்த்தேன். வண்டி நிழலில் உட்கார்ந்து சிறு அடுப்பில் சோறு வடித்துக்கொண்டிருந்த ஓட்டுநர் ஒருவர், அது தமக்கு இரண்டாம் நாள் என்றார். வரிசை நகரும்போதெல்லாம் ஒவ்வொரு வண்டியாக ஸ்டார்ட் செய்து பத்தடி நகர்த்தி நிறுத்தினார்கள். காத்திருந்த நாளுக்கான ‘ஹால்டிங்’ பணம் கேட்டால் அடுத்த முறை லோடு கிடைக்காது என்பதால் யாரும் கேட்பதில்லையாம். இன்ன நேரத்துக்கு வாருங்கள் என்று ஒரு டோக்கன் கொடுத்திருந்தால் அந்தப் புகையும் இருந்திருக்காது, அந்த மனிதரின் இரண்டு நாளும் வீணாகியிருக்காது. காத்திருப்புக்கும் காலி ஓட்டத்துக்கும் சரக்கின் சொந்தக்காரர் விலை கொடுக்காத வரை, அவற்றைக் குறைக்க அவருக்குக் காரணமே இல்லை. உங்கள் சங்கத்தின் வழியாக நீங்கள் கேட்க வேண்டியது மானியத்தை மட்டுமல்ல, எழுத்தில் உள்ள ஹால்டிங் விதியையும்தான். பக்கத்து ஊர் சங்கங்களோடு ரிட்டர்ன் லோடுகளைப் பகிர்ந்துகொண்டால் புரோக்கர் கமிஷனும் குறையும்.

கேள்வி: சரக்கு முழுவதையும் ரயிலில் அனுப்பிவிட்டால் என்ன? – கல்லூரி மாணவி, ஈரோடு

பதில்: எஃகுத் தண்டவாளத்தில் எஃகுச் சக்கரம் உருளும்போது உராய்வு மிகக் குறைவு. அதனால் ஒரு டன் சரக்கை ஒரு கிலோமீட்டர் கொண்டுசெல்ல, லாரிக்கு வேண்டிய ஆற்றலில் ஒரு சிறு பங்கே ரயிலுக்குப் போதும். 1950-களின் தொடக்கத்தில் நம் நாட்டுச் சரக்கில் ஐந்தில் நான்கு பங்குக்கும் மேல் ரயிலில்தான் போயிற்று. இன்று மூன்றில் ஒரு பங்குகூட இல்லை. உங்கள் ஊர் மஞ்சள் மண்டியில் பத்து டன் வாங்கிய வியாபாரியை நினைத்துப் பாருங்கள். நாற்பதுக்கும் மேற்பட்ட வேகன்கள் கொண்ட முழு ரயில் அவருக்கு எதற்கு? மண்டியிலிருந்து கூட்ஸ் ஷெட்டுக்கு ஒரு முறை, அங்கிருந்து வேகனுக்கு ஒரு முறை, போய்ச் சேர்ந்த ஊரில் மீண்டும் இரு முறை என மூட்டையை ஏற்றி இறக்கும் கூலியே அவரைப் பயமுறுத்திவிடும். பயணிகள் ரயிலுக்கு வழிவிட்டு நிற்கும் சரக்கு ரயில் என்றைக்குப் போய்ச் சேரும் என்ற உறுதியும் இல்லை.

பஞ்சாபின் லூதியானா–பீகாரின் சோன்நகர், டெல்லி அருகிலுள்ள தாத்ரி–நவி மும்பை ஆகிய இரண்டு தனிச் சரக்குத் தடங்கள் அந்த உறுதியைத் தருவதற்காகக் கட்டப்பட்டவை. தெற்குக்கு அப்படியொரு தடம் இன்னும் வரவில்லை. இருப்பதில் எனக்குப் பிடித்தது, கொங்கண் ரயில்வே 1999-இல் தொடங்கிய ரோரோ சேவை. லோடு ஏற்றிய லாரியே ஓட்டுநரோடு தட்டையான வேகன்மீது ஏறி நின்று, மலைப்பாதையை டீசல் எரிக்காமல் கடக்கிறது. மூட்டையை யாரும் தொடுவதில்லை.

கேள்வி: எங்களிடம் பனியன் வாங்கும் ஐரோப்பிய நிறுவனம், சரக்குப் போக்குவரத்தின் கரிமக் கணக்கைக் கேட்கிறது. எங்கிருந்து தொடங்குவது? – ஏற்றுமதியாளர், திருப்பூர்

பதில்: 2023-இல் வெளியான ஐஎஸ்ஓ 14083 என்ற தரநிலை இதற்காகவே உள்ளது, ஒவ்வொரு கட்டத்திலும் எடையையும் தூரத்தையும் வண்டியின் வகையையும் குறித்துவைத்தால் போதும், மீதியைக் கணக்காளர் போட்டுவிடுவார். ஆனால் கணக்கைப் பார்த்தவுடன் ஒன்று உங்கள் கண்ணில் படும். தூத்துக்குடித் துறைமுகத்துக்குப் போகும் லாரியும் அங்கிருந்து போகும் கப்பலும் அதில் சிறியவையாகவே தெரியும். கெடு தவறிய ஒரே ஓர் ஆர்டரை விமானத்தில் அனுப்பியிருந்தால் அந்த வரிதான் மற்றவற்றை விழுங்கி நிற்கும். அதே எடைக்குக் கப்பலைவிடப் பல பத்து மடங்கு கரியமிலம் விமானத்தில் வெளியாகிறது. அந்தக் கெடு ஏன் தவறியது என்பதையும் கணக்கோடு சேர்த்து எழுதுங்கள். நிறத்துக்கு ஒப்புதல் தர வாங்குகிறவரே மூன்று வாரம் எடுத்துக்கொண்டிருந்தால் அந்தத் தேதிகளையும் எழுதி அவருக்கே அனுப்பி, அடுத்த ஒப்பந்தத்தில் தாமதத்துக்கேற்பக் கப்பல் தேதியைத் தள்ளிவைக்கச் சொல்லிக் கேளுங்கள்.